வட்டுக்கோட்டையில் அளவெடுத்த பின்சட்டம்

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டிலில் மாடு கட்டுவதை நிறுத்திப் பல வருடங்களாகிவிட்டன. அந்த இடத்தில் நின்றது ஒரு மோட்டார் சைக்கிளின் முன்பாதி. முன் சில்லு, ஹாண்டில், பெற்றோல் தாங்கி, இயந்திரம் எல்லாம் இருந்தன. இருக்கைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தைச் சீமெந்துக் கற்களின் மேல் தூக்கி வைத்திருந்தோம். தூரத்தில் நின்று பார்த்தால் ஏதோ ஒரு பிராணி பின்னங்காலை மடித்துக் குந்தியிருப்பது போலத் தெரியும். என் மனைவி அதன் ஹாண்டிலில் அடுப்படித் துணிகளைக் காயப்போடுவாள்.

அது என் மாமனாருடையது. இங்கிலாந்தில் செய்தது. அவர் கரவெட்டியில் வெங்காயத் தோட்டம் செய்தவர். வெங்காயம் நல்ல விலை போன ஒரு காலத்தில் அதை வாங்கியிருக்கிறார். யுத்தம் வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது மண்ணெண்ணெயில் ஓட்டினார். மண்ணெண்ணெயும் விளக்குக்கே போதாமல் போனபோது நிறுத்திவைத்தார். பிறகு ஊரோடு இடம்பெயர வேண்டி வந்தது. அந்த மோட்டார் சைக்கிளில் பின் சில்லைத் தாங்குகிற சட்டம் தனியானது. நட்டும் போல்ட்டும் போட்டு முன்சட்டத்தோடு பொருத்தியிருப்பார்கள். மாமனார் அதைச் சில்லோடு கழற்றி, மேலே பலகை அடித்து, தள்ளுவண்டியாக்கி, அதில் மாமியாரையும் தையல் மெஷினையும் ஏற்றித் தென்மராட்சிவரை தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது மாமியாரும் மெஷினும் வந்தார்கள். தள்ளுவண்டி வரவில்லை. கொட்டிலில் விட்டுப்போன முன்பாதி அப்படியே நின்றது. முன்பாதியை மட்டும் களவெடுத்து யார் என்ன செய்வது?

மாமனார் காலமான பிறகு ஒருநாள் என் மனைவி கொட்டிலைத் துப்புரவாக்கப் போய்க் கணுக்காலை அதில் இடித்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்டில் இதை மோட்டச்சைக்கிள் ஆக்குங்கோ, இல்லாட்டி பழைய இரும்புக்காரருக்குக் குடுங்கோ. அரைகுறையாய் நிண்டால் எனக்குப் பாக்க ஏலாது" என்றாள்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவன் அவளுடைய தம்பி, என் மச்சான். நெல்லியடிப் பக்கம் கேற்றும் ஜன்னல் கம்பியும் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறான். அவன் அடித்த கேற் எல்லாவற்றிலும் நடுவில் ஒரு தாமரை இருக்கும். சொந்தக்காரர் வேண்டாம் என்றாலும் இருக்கும். கிறிஸ்தவ சபைக் கட்டடம் ஒன்றுக்கும் தாமரை வைத்து, பிறகு அதைக் கழற்றப் போனவன். தகப்பனின் மோட்டார் சைக்கிள் இரும்புக்காரருக்குப் போகும் என்றதும் அவனுக்கு ரோசம் வந்துவிட்டது.

"அத்தான், இது என்ன பெரிய வேலை? நாலு பைப், ரெண்டு தகடு. நான் அடிக்கிற கேற்றிலை ஒரு மூலைக்குக்கூடக் காணாது" என்றான்.

நான் பிரதேச செயலகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மதகும் கிணறும் சனசமூக நிலையக் கூரையும் வரைகிறவன். வரைபடம் இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது என்பது என் கொள்கை. வரைபடம் என்றால் கேற் அடிக்கத் தெரியாதவன் வைத்திருக்கும் காகிதம் என்பது அவனுடைய கொள்கை. இப்படியாகத்தான் நாங்கள் தொடங்கினோம்.

இயந்திரம் பெரிய சிக்கல் தரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் அதைப் பிரித்துக் கழுவி, கொஞ்சம் வைது, ஓட வைத்தார். பின் சில்லு இந்தியாவிலிருந்து வந்தது. பின்சட்டம்தான் எங்கேயும் இல்லை. மச்சான் வழக்கமாகக் கேற்றுக்குப் போடுகிற தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து வைத்து, இது போதும் என்றான். அது தண்ணீரைத் தாங்கும், உன்னைத் தாங்காது என்று நான் சொன்னேன். அவன் உடம்பு கொஞ்சம் பெருத்தது. அதைப் பற்றிய கதை என்று எடுத்துக்கொண்டு இரண்டு கிழமை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

திரும்பி வந்தபோது நல்ல தடித்த, ஒட்டில்லாத உருக்குக் குழாய்களைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். மயிலிட்டித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் ஆலையில் குளிர்க் குழாய்களை மாற்றியிருக்கிறார்கள். கழித்த குழாய்களை அவர்களுடைய கேற்றைத் திருத்திக் கொடுத்து வாங்கியிருக்கிறான். தாமரையும் வைத்தாயா என்று கேட்டேன். மீன் வைத்ததாகச் சொன்னான். குழாய் எனக்கும் பிடித்தது. ஒரேயொரு குறை, அதைச் சூடாக்கினால் மீன் மணக்கும். எத்தனை வருடத்து மீன் அதில் ஊறியிருந்ததோ தெரியாது. பட்டறையில் அடுப்பு மூட்டியதும் நெல்லியடியில் இருக்கிற பூனைகள் எல்லாம் மதிலில் வந்து வரிசையாக உட்கார்ந்துவிடும்.

ஆனால் குழாயை எப்படி வளைப்பது, எவ்வளவுக்கு வெட்டுவது? அதற்கு அளவு வேண்டும். புகைப்படத்தைப் பார்த்து அளவெடுக்க முடியாது. அதே வகை மோட்டார் சைக்கிள் வேறொன்று குடாநாட்டில் இருக்கிறதா என்று விசாரித்தோம். கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. வட்டுக்கோட்டையில் ஒரு மாஸ்டர் வைத்திருக்கிறார், ஆனால் தொட விடமாட்டார்.

மாஸ்டர் இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர். தகப்பனார் போதகராக இருந்தவர், அந்த மோட்டார் சைக்கிளில்தான் ஊர் ஊராக ஊழியத்துக்குப் போனாராம். மாஸ்டரும் அதிலேயேதான் பாடசாலைக்குப் போய்வந்தார். இப்பொழுதும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அதில்தான் போவார். உடம்பை வலப்பக்கம் சாய்த்து, ஒரு தோளைத் தாழ்த்தி, முகத்தை நேரே வைத்துக்கொண்டு ஓட்டுவது அவருடைய பாணி. அவரிடம் படித்த பிள்ளைகள் அந்தச் சாய்வைப் பின்பற்றிச் சைக்கிள் ஓடி விழுந்ததும் உண்டு என்று சொன்னார்கள். அவருடைய மனைவியும் ஆசிரியை. ஊரில் எல்லோருக்கும் அவர் ரீச்சர். ஸ்கூட்டியில் போய் மரக்கறி வாங்கிவருவார்.

நான் தொலைபேசியில் கதைத்தபோது மாஸ்டர் மறுக்கவில்லை. நிபந்தனைகள்தான் சொன்னார். ஆராதனை முடிந்த பிறகு வர வேண்டும். மோதிரம், மணிக்கூடு, பெல்ட்டுக் கொளுக்கி எதுவும் பூச்சில் படக் கூடாது. இரும்பாலான எந்தச் சாமானும் கிட்ட வரக் கூடாது. ஆகவே நாங்கள் மனைவியின் தையல் நாடா, பிஸ்கட் பெட்டி மட்டைகள், தள்ளி நின்று வெட்ட ஒரு கத்தரிக்கோல், நூல்கட்டை ஆகியவற்றோடு போனோம். பார்ப்பவர்களுக்கு யாரோ ஒரு பெண்ணுக்குச் சட்டை தைக்கப் போகிறவர்கள் போல இருந்திருப்போம்.

மாஸ்டர் முன் விறாந்தையில் மோட்டார் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திவைத்திருந்தார். அப்படி ஒரு மினுக்கம். எங்களைக் கதிரையில் இருத்தி முதலில் தேத்தண்ணி தந்தார்கள். ரீச்சர் கேக் வெட்டிக் கொண்டுவந்தார். மச்சான் ஒரு துண்டை வாயில் வைத்த நேரம் பார்த்து மாஸ்டர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். சைவ சமயத்தவனான அவன் என்ன செய்வதென்று தெரியாமல் மெல்லுவதை நிறுத்திவிட்டான். கன்னம் ஒருபக்கம் உப்பிக்கொண்டிருக்க, கண்ணையும் மூடிக்கொண்டான். ஜெபம் நீண்டது. எங்கள் முயற்சிக்காக வேண்டினார். மழைக்காக வேண்டினார். இந்த நாட்டில் றோட்டுப் போடுகிறவர்களுக்கு நல்ல புத்தியைக் கொடுக்கும்படி கொஞ்சம் விரிவாகவே வேண்டினார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது மச்சானின் கண்ணில் நீர் தேங்கியிருந்தது. மாஸ்டர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அதன் பிறகு அவனோடு மிகவும் அன்பாகக் கதைத்தார்.

றோட்டைப் பற்றியும் விளக்கினார். அந்தப் பகுதி றோட்டுகள் எல்லாம் இடப்பக்கம் சரிந்தவையாம். பல காலமாக விண்ணப்பம் எழுதிப் பார்த்தும் ஒருவரும் கவனிக்கவில்லையாம். நான் என் உத்தியோகத்துக்கு ஏற்றபடி, மழைத்தண்ணீர் ஓடுவதற்காக எந்த றோட்டும் ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் சரியத்தான் செய்யும் என்று சொன்னேன். கொஞ்சம் என்றால் பரவாயில்லை, இது கொஞ்சம் அல்ல என்றார்.

அளவெடுக்கும் வேலை பின்னேரம்வரை போனது. மச்சான் பாயில் மல்லாந்து கிடந்து மோட்டார் சைக்கிளின் கீழே தலையை நுழைத்தான். ரீச்சர் அவனுடைய தலைக்குப் பூத்தையல் போட்ட தலையணை ஒன்று கொடுத்தார். அது அழுக்காகிவிடும் என்று பயந்து கழுத்தை அந்தரத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்தான். அவன் மட்டையைப் பிடிக்க, நான் கோடு போட்டு வெட்டினேன். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. வெட்டி முடித்து இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தபோது அவை ஒத்துவரவில்லை. சில்லின் அச்சு நிற்கிற தகடு வலப்பக்கத்தில் ஒரு சுண்டுவிரல் அகலம் மேலே இருந்தது.

மச்சான் என்னுடைய வெட்டில் பிழை என்றான். நான் அவனுடைய பிடியில் பிழை என்றேன். திரும்பவும் எடுத்தோம். அதே சுண்டுவிரல். மாஸ்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தம்பி, இங்கிலீசுக்காரன் காரணமில்லாமல் ஒண்டும் செய்யான். செயின் இழுக்கிற பக்கம் வேறை, மற்றப் பக்கம் வேறை. நீர் அதை விளங்கிக்கொள்ள வேணும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். செயின் இழுக்கும்போது சட்டம் ஒரு பக்கம் முறுகும், அந்த முறுக்கை ஈடுசெய்ய முன்கூட்டியே மறுபக்கம் உயர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று மச்சானுக்கு விளக்கினேன். மாஸ்டர் தலையாட்டினார். மச்சானும் தலையாட்டினான், அவனுக்குக் கழுத்து நொந்தது. அதுவரை வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த ரீச்சர் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கரவெட்டிக்கு வந்து ஒழுங்கான வரைபடம் ஒன்று வரைந்தேன். சுண்டுவிரல் வித்தியாசத்தை அம்புக்குறி போட்டுக் காட்டி, இது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினேன்.

குழாய்களுக்குள் காய்ந்த மணலை இறுக அடைத்து, இரு வாயையும் அடித்து மூடி, அடுப்பில் சிவக்க வைத்து வளைத்தோம். மணல் இல்லாவிட்டால் குழாய் வளைகிற இடத்தில் நசிந்துவிடும். பூனைகள் பார்த்துக்கொண்டிருந்தன. வெல்டிங் வைத்து ஒட்டுகிற நேரம் துண்டுகள் அசையாமல் நிற்கத் தட்டையான பெரிய இரும்புத் தளம் ஒன்று தேவைப்பட்டது. மச்சானிடம் இருந்த தட்டையான பெரிய சாமான் ஒரு வாடிக்கையாளருக்காக அடித்து முடித்திருந்த கேற். அதைக் கிடத்தி, அதன் கம்பிகளில் குழாய்களை இறுக்கிக் கட்டினோம். தாமரை, தகடு வைக்கச் சரியான உயரத்தில் இருந்தது. அந்தக் கேற்றுக்கு இருந்த ஒரேயொரு பயன் அதுதான் என்று நான் சொன்னதை மச்சான் ரசிக்கவில்லை.

கேற்றுக்காரர் மகளின் கலியாணத்துக்கு முன்பு கேற் போட வேண்டும் என்று அவசரப்பட்டுக்கொண்டிருந்தவர். மச்சான் தொலைபேசியில் இன்றைக்கு நாளைக்கு என்று சொல்லிச் சமாளித்தான். ஒருநாள் மனிதர் நேரேயே வந்துவிட்டார். தன்னுடைய கேற்றிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளின் பின்பகுதி முளைத்து நிற்பதைக் கண்டு அதை ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு, தான் இதைக் கேட்கவில்லையே என்றார். மச்சான் அவரை நிழலில் இருத்திச் சோடா வாங்கிக் கொடுத்து, எங்கள் வேலை முடிந்தால்தான் கேற்றைக் கழற்றலாம் என்று நியாயம் சொன்னான். அவர் அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வந்து நின்று எங்களை அவசரப்படுத்தினார். கடைசியில் பிடிக்கிறது, உயர்த்துகிறது என்று கையும் கொடுத்தார். கலியாணத்துக்குக் கேற் போய்ச் சேர்ந்தது. எங்களுக்கு அழைப்பும் வந்தது.

சட்டம் முன்சட்டத்தில் அப்படியே போய் உட்கார்ந்தது. போல்ட்டுகள் கையாலேயே இறங்கின. மச்சான் என்னைக் கட்டிப்பிடித்தான். கறுப்புப் பூச்சு அடித்து, சில்லை மாட்டி, செயின் போட்டு, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே போகிற ஒழுங்கையில் கொண்டுபோய் நிறுத்தினோம். மகன் என்ற உரிமையில் முதல் ஓட்டம் அவனுக்கு. உதைத்தவுடன் இயந்திரம் பிடித்துக்கொண்டது. என் மனைவிக்குக் கண் கலங்கியது. அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள்.

மச்சான் ஏறிப் புறப்பட்டான். கொஞ்சத் தூரம் நேரே போனான். பிறகு இடப்பக்கம் போகத் தொடங்கினான். ஹாண்டிலைத் திருப்பினான், உடம்பை வலப்பக்கம் சாய்த்தான், கையில் பாரமான பை வைத்திருப்பவன் போலத் தொங்கினான். என்ன செய்தும் மோட்டார் சைக்கிள் தன் விருப்பப்படி வரம்பைத் தாண்டி, வெங்காயப் பாத்திக்குள் போய், புதிதாக இறைத்த சேற்றில் மெதுவாக நின்றது. அவன் இறங்கவில்லை. அதிலேயே இருந்தபடி, றோட்டுச் சரியில்லை என்றான்.

தள்ளிக்கொண்டு வந்து ஸ்ராண்டில் விட்டோம். நாங்கள் செயினைப் பார்த்தோம், சில்லில் காற்றைப் பார்த்தோம், ஒருவரையொருவர் குற்றம் சொன்னோம். என் மனைவி பின்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"முன் சில்லு நிமிர்ந்து நிக்குது. பின் சில்லு கள்ளுக் குடிச்சிட்டு நிக்குது" என்றாள்.

மேசன்மார் சுவர் நிறுத்தப் பாவிக்கும் தூக்குக்குண்டை எடுத்து வந்து நூலைப் பிடித்தேன். முன் சில்லின் ஓரத்தோடு நூல் ஒட்டி நின்றது. பின் சில்லில் மேலே ஒட்டியது, கீழே என் சுண்டுவிரல் நுழைந்தது. அந்தச் சுண்டுவிரல்தான். மட்டைகளைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தோம். எங்கள் சட்டம் மட்டைக்கு மயிரிழை பிசகவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக நானும் மச்சானும் ஒரு வேலையைப் பிழையில்லாமல் செய்திருந்தோம். அப்படியானால் பிழை எங்கே இருந்தது?

இருவரும் ஒரே நேரத்தில்தான் அதை நினைத்திருக்க வேண்டும். மச்சான் எழும்பி நின்று, உடம்பை வலப்பக்கம் சாய்த்து, ஒரு தோளைத் தாழ்த்தி, முகத்தை நேரே வைத்துக் காட்டினான். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

எங்களுடையதைத் திருத்துவது பெரிய வேலையல்ல. வலப்பக்கத் தகட்டை அறுத்துச் சரியான உயரத்தில் ஒட்டினால் முடிந்தது, அப்படியே செய்தும் முடித்தோம். கோடு பிடித்தது போல ஓடியது. ஆனால் மாஸ்டருக்கு யார் சொல்வது? சொல்லாமல் விடலாம் என்று மச்சான் சொன்னான். வயது போன மனிதர், சரிந்த வண்டியில் போகிறார், ஒருநாள் ஏதும் நடந்தால் எங்கள் மனம் கேட்குமா என்று என் மனைவி கேட்டாள். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை புது மோட்டார் சைக்கிளிலேயே வட்டுக்கோட்டைக்குப் போனோம். கதையை மச்சான் தொடங்குவது, நான் தொடர்வது என்று வழி நெடுகப் பேசிக்கொண்டு போயும், அங்கே போனதும் அவன் கேக்கைப் புகழத் தொடங்கி அதிலேயே நின்றுவிட்டான்.

நான்தான் சொன்னேன். சுற்றிவளைத்துச் சொன்னேன். எங்கள் சட்டத்தில் சிறு சரிவு ஒன்று வந்தது, அது எங்கிருந்து வந்ததென்று ஒருக்கால் பார்க்கலாமா என்றேன். மாஸ்டர் பெருந்தன்மையாக அனுமதித்தார். தூக்குக்குண்டு இரும்பு என்பதால் அதற்குத் தன் சட்டைப்பையிலிருந்த கைலேஞ்சியைச் சுற்றிக் கட்டினார். நூலைப் பிடித்தேன். முன் சில்லு நேர். பின் சில்லில் சுண்டுவிரல்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். விறாந்தை சரிவு என்றார். முன் சில்லும் அதே விறாந்தையில்தான் நிற்கிறது என்று சொன்னேன். அப்படியென்றால் நூல் சரியில்லை என்றார். என்னுடைய அப்பா இதில் ஊழியத்துக்குப் போனவர், இது கோணல் என்றால் அவர் அறியாமல் இருப்பாரா என்று கேட்டார். நான் நூலை இன்னொருமுறை பிடித்தேன். மச்சான் கேக் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நூல் சரி" என்று வாசலில் நின்ற ரீச்சர் சொன்னார்.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அவர் வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். கலியாணம் முடித்த புதிதில், மாஸ்டர் பரீட்சைத் தாள் திருத்தக் கொழும்புக்குப் போகும் காலங்களில், தான் அந்த மோட்டார் சைக்கிளை எடுத்து ஓடிப் பழகியதாகச் சொன்னார். முதலில் வளவுக்குள், பிறகு ஒழுங்கையில், பிறகு பெரிய றோட்டில். நன்றாகவே ஓடினாராம். ஒருநாள் ஆடு ஒன்று குறுக்கே வர, அதைக் காப்பாற்றத் திருப்பி, மதகுச் சுவரில் பின்பக்கத்தை இடித்துவிட்டார். தனக்கு ஒரு கீறலும் இல்லை, ஆட்டுக்கும் இல்லை. சட்டம்தான் வளைந்தது. சந்தியில் இருந்த கொல்லரிடம் கொண்டுபோய்ச் சூடாக்கி நிமிர்த்தி, பூச்சும் அடித்து, மாஸ்டர் வருவதற்கு முன்பு விறாந்தையில் விட்டுவிட்டார்.

"இவர் வந்து ஓடிப்பாத்திட்டு, நான் போய் வாறதுக்கிடையிலை றோட்டைச் சரிச்சுப் போட்டாங்கள் எண்டவர். நான் என்னத்தைச் சொல்ல? ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

மச்சான் எழும்பி, தான் வெளியே நின்று ஒரு போன் கோல் எடுக்க வேண்டும் என்று சொல்லிப் போனான். அவனுடைய தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. நான் போக வழியில்லாமல் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தபடி நின்றார்.

"எங்கை போனனீர்?" என்று கேட்டார்.

"மாதகலுக்கு. கடல் பாக்க."

"தனியவோ?"

"ஓம்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டனான். கொழும்பாலை வந்து பாப்பம் எண்டனீங்கள். வந்தாப்பிறகு நீங்கள் றோட்டைப் பற்றித்தான் கதைச்சனீங்கள்."

மாஸ்டர் கதிரையில் இருந்தார். தேத்தண்ணியை எடுத்து, ஜெபம் செய்யாமலே ஒரு மிடறு குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கொல்லர் நல்ல வேலைகாரன்தான், இவ்வளவு காலமும் தெரியவில்லையே என்றார். அதற்குப் பிறகுதான் ரீச்சர் சிரித்தார். அவர் சிரித்ததும் வெளியே மச்சான் மறைக்காமல் சிரித்துவிட்டான்.

சட்டத்தைக் கரவெட்டிக்குக் கொண்டுபோய் நிமிர்த்தித் தருகிறோம் என்று சொன்னோம். மாஸ்டர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த கிழமை தொலைபேசி எடுத்தார். நிமிர்த்துவதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. சனிக்கிழமை மனைவியை மாதகலுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாராம். வழியில் ஏதும் நடந்தால் உதவிக்கு நாங்கள் எங்களுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் வர முடியுமா என்று கேட்டார்.

போனோம். முன்னே மாஸ்டர் வலப்பக்கம் சாய்ந்துகொண்டு, பின்னால் ரீச்சர் நல்ல சேலை கட்டி, தலைக்கவசம் போட்டு, அவரும் அதே அளவுக்குச் சாய்ந்துகொண்டு இருந்தார். இத்தனை வருடமும் இப்படித்தான் போய்வந்திருக்கிறார்கள் என்று அப்பொழுதுதான் எனக்குத் தெரிந்தது. பண்டத்தரிப்பில் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

மாதகலில் கடல் அன்றைக்கு அசையாமல் கிடந்தது. கரையில் ஒரு வள்ளத்தின் நிழலில் இருவரும் இருந்தார்கள். நாங்கள் தள்ளி நின்று கச்சான் கடலை சாப்பிட்டோம். மாஸ்டர் ஏதோ சொல்ல, ரீச்சர் காலால் மணலைக் கிளறிக்கொண்டு கேட்டார். திரும்பிப் போகிற நேரம் வந்தபோது ரீச்சர் நேரே எங்களுடைய மோட்டார் சைக்கிளிடம் வந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"தம்பி, இதை ஒருக்கால் உதைச்சுத் தாரும். எனக்கு இப்ப கால் வலுவில்லை" என்று மச்சானிடம் சொன்னார்.

மாஸ்டர் லைசென்ஸ் என்று ஏதோ தொடங்கினார். ஸ்கூட்டிக்கு எடுத்தது இதற்கும் செல்லும் என்றார் ரீச்சர். மச்சான் உதைத்துக் கொடுத்தான். ரீச்சர் கிளச்சைப் பிடித்துக் கியரைப் போட்ட விதத்தைப் பார்த்து நாங்கள் இருவரும் வழிவிட்டு விலகினோம். மாஸ்டர் கொஞ்சம் தயங்கிப் பின்னால் ஏறினார். எங்கே பிடிப்பதென்று தெரியாமல் முதலில் இருக்கையைப் பிடித்தார், பிறகு ரீச்சரின் தோளைப் பிடித்தார். போய்விட்டார்கள்.

எங்களுக்கு மிஞ்சியது கோணல் வண்டி. மச்சான் ஓட்டினான். நான் பின்னால் இருந்து அவன் சாயும் பக்கம் சாய்ந்தேன். அவன் நான் கூடச் சாய்கிறேன் என்றான், நான் அவன் சாய்வது போதாது என்றேன். சித்தன்கேணிவரை இதே சண்டைதான். அவர்களைத் திரும்ப வழியில் காணவேயில்லை.

வட்டுக்கோட்டையில் மாஸ்டரின் வீட்டுக்குப் போனபோது அவர் தலைக்கவசத்தைக் கழற்றாமல் கேற்றடியில் தனியே நின்றுகொண்டிருந்தார். எங்களுக்குக் கேற்றைத் திறந்துவிட்டார்.

"ரீச்சர் எங்கை மாஸ்டர்?" என்று மச்சான் கேட்டான்.

"என்னை இறக்கிப்போட்டு இன்னொருக்கால் சுத்திவரப் போயிட்டா" என்றார்.